பழைய மோடத்தின் வயதைக் கண்டுபிடிப்பதும், சிங்கப்பூர் ஈரத்தில் அதைக் காப்பாற்றுவதும்

தொலைபேசிக் கம்பி வழியே கணினிகளைப் பேசவைத்த பழைய மோடம் ஒன்று கைக்கு வந்ததும் பலரும் முதலில் தேடுவது ஈரத்துணியை, அடுத்து சுவர் பிளக்கை. இரண்டையும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். துடைத்தால் வயதைச் சொல்லும் மை போய்விடும். பல ஆண்டுகளாகச் சும்மா கிடந்ததற்குத் திடீரென மின்சாரம் கொடுத்தால் கப்பாசிட்டர் (மின்தேக்கி) புகையும். முதலில் பாருங்கள், படமெடுங்கள், எழுதிவையுங்கள். பிறகு திறங்கள், அதற்குப் பிறகு துடையுங்கள். மின்சாரம் எல்லாவற்றுக்கும் கடைசி. துடைத்த ஸ்டிக்கரை யாராலும் மீட்டுத் தர முடியாது என்பதால் இந்த வரிசையில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

படம் எடுப்பதென்றால் அழகுக்கு ஒன்றிரண்டு போதாது. ஆறு பக்கமும் எடுக்க வேண்டும், பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்க வேண்டும். அடிப்பக்க ஸ்டிக்கரைத் தனியாகக் கிட்டத்தில் எடுங்கள். மோடத்தின் அமைப்பைத் தீர்மானிக்கும் குட்டி டிப் சுவிட்சுகள் எந்தெந்த நிலையில் இருக்கின்றன என்பது தெரியும்படி ஒன்று. ஹேய்ஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்மோடத்தில் அவை முன்பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். யூஎஸ் ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் கூரியர் மோடத்தில் அடியில் இருக்கும். முன்பு வைத்திருந்தவர் எந்த அமைப்பில் பயன்படுத்தினார் என்பதற்கு அந்தச் சுவிட்சுகளே சாட்சி. ஆர்வத்தில் தட்டிப் பார்த்துவிடாதீர்கள்.

சிங்கப்பூர்க் கடை ஸ்டிக்கர் சொல்லும் வயது

வெளிநாட்டு வழிகாட்டிகளில் கிடைக்காத ஒரு வசதி நமக்கு உண்டு. இங்கே விற்ற கருவிகளில் கடைக்காரர் ஒட்டிய சிறு ஸ்டிக்கர், உத்தரவாத அட்டை, ரசீது என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். தேதி அச்சாகாமல் போயிருந்தாலும் அந்தத் துண்டுச்சீட்டு தானே வயதைச் சொல்லிவிடும்.

தொலைபேசி எண்ணை எண்ணிப் பாருங்கள். 2002 மார்ச் 1ஆம் தேதிதான் வீட்டு, அலுவலக எண்களுக்கு முன்னால் 6 சேர்ந்து எட்டு இலக்கமானது. ஏழு இலக்க எண் அச்சாகியிருந்தால் ஸ்டிக்கர் அதற்கு முந்தையது. கைத்தொலைபேசி எண்களில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். 9இல் தொடங்கும் எட்டு இலக்க எண்கள் 1990களிலேயே வந்துவிட்டன.

அஞ்சல் குறியீடு நான்கு இலக்கமா, ஆறு இலக்கமா என்று பாருங்கள். ஆறு இலக்க முறை 1995 செப்டம்பர் 1 முதல். சிம் லிம் ஸ்குவேர் முகவரியில் 188504 என்று முழுதாக இருந்தால் ஸ்டிக்கர் அச்சானது அதற்குப் பிறகு.

ரசீது இருந்தால் பொருள் சேவை வரி விகிதத்தைப் பாருங்கள். வரியே இல்லையென்றால் 1994 ஏப்ரலுக்கு முன்பு வாங்கியதாக இருக்கலாம், அல்லது வரிக்குப் பதிவு செய்யாத சின்னக் கடையாக இருக்கலாம். 3% என்றால் 1994 ஏப்ரல் முதல் 2002 இறுதிக்குள். 4% என்பது 2003ஆம் ஆண்டில் மட்டும். 5% என்றால் 2004 தொடக்கம் முதல் 2007 ஜூன் வரை. அதற்குப் பிறகு 2022 இறுதி வரை 7%. வெப்பத்தாளில் அச்சான ரசீது நாளடைவில் வெளுத்து வெறும் தாளாகிவிடும் என்பதால் அதை அன்றைக்கே 600 டிபிஐயில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

அங்கீகார முத்திரையும் உதவும். 1992இல் சிங்கப்பூர் டெலிகாம் தனி நிறுவனமாகப் பிரிந்தபோது, தொலைத்தொடர்பு ஆணையமான டாஸ் ஒழுங்குமுறை அமைப்பாக மட்டும் நின்றது. 1999 டிசம்பரில் டாஸும் தேசியக் கணினி வாரியமும் இணைந்து ஐடிஏ என்ற ஆணையமாயின. 2016 அக்டோபரில் அதன் இடத்துக்கு ஐஎம்டிஏ வந்தது. பெட்டியில் டாஸ் பெயர் இருந்தால் அது 1999க்குள் அங்கீகாரம் பெற்ற மாதிரி. ஐடிஏ தரத்துக்கு உட்பட்டது என்று எழுதியிருந்தால் 1999 டிசம்பருக்கும் 2016 அக்டோபருக்கும் இடையே. இவை அந்த மாதிரிக்கு அங்கீகாரம் கிடைத்த காலத்தைச் சொல்லுமே தவிர, கையில் இருக்கும் பெட்டி எந்த வாரம் தயாரானது என்பதைச் சொல்லாது.

இணையச் சேவை நிறுவனங்களான சிங்நெட் 1994இலும் பசிபிக் இன்டர்நெட் 1995இலும் தொடங்கின. அவர்களின் அறிமுக வட்டு பெட்டிக்குள் இருந்தால் அதுவும் ஒரு சான்று, மேலே சொன்ன ஏதாவது ஒன்றுடன் ஒத்துப்போனால் போதும். 1991இல் அறிமுகமான டெலிவியூ கருவி எதுவும் கிடைத்தால் அது வேறு கதை. எழுத்து தொலைபேசிக் கம்பி வழியாகவும் படம் தொலைக்காட்சி அலைவரிசை வழியாகவும் வந்த முறை அது. கம்பி, ரிமோட், கையேடு எதையும் பிரிக்காமல் முழுத் தொகுதியாகவே வையுங்கள்.

பெட்டியின் எழுத்துகள்

வேகத்தை வைத்துக் கணிப்பது எல்லோரும் செய்வது. அது மாதிரி அறிமுகமான காலத்தைத் தோராயமாகத்தான் தரும். 300 பிபிஎஸ் (வினாடிக்கு 300 பிட்) வேகத்தில், கணினியிலிருந்து எழுத்தாக அடிக்கும் ஏடி கட்டளைகளோடு வந்த ஸ்மார்ட்மோடம் 1981இல் வந்தது. 2400 தரும் வி.22பிஸ், 9600 தரும் வி.32 இரண்டும் பன்னாட்டுத் தரநிலை அமைப்பின் 1984ஆம் ஆண்டுப் பரிந்துரைகள். 9600 மோடம்கள் பலருக்கும் எட்டும் விலைக்கு வர மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. வி.32பிஸ் 14,400 என்பது 1991. வி.34 வழியே 28,800 வந்தது 1994இல், 33,600 வந்தது 1996இல். 56,000 வேகத்துக்கான எக்ஸ்2, கே56ஃபிளெக்ஸ் முறைகளின் சண்டை 1997. அதை முடித்துவைத்த வி.90 1998. வி.92 2000.

ஒரு சின்னக் குறிப்பு கையேட்டில் கிடைக்கும். அந்தத் தரநிலை அமைப்பின் பெயர் 1993இல் சிசிஐடிடி என்பதிலிருந்து ஐடியூ-டி என மாறியது. ஐடியூ-டி என்று அச்சாகியிருந்தால் 1993க்கு முன்பு இருக்க வாய்ப்பே இல்லை. சிசிஐடிடி என்று இருப்பதை வைத்து எதையும் முடிவு கட்ட வேண்டாம். பழைய பெயரைச் சில ஆண்டுகள் விடாமல் அச்சிட்ட நிறுவனங்கள் நிறைய. அதேபோல ஹேய்ஸின் 4,549,302 என்ற காப்புரிமை எண் அடிப்பக்கத்தில் இருந்தால் அது 1985 அக்டோபருக்குப் பிந்தையது. மூன்று கூட்டல் குறியை அடித்து இணைப்பிலிருந்து கட்டளை நிலைக்குத் திரும்பும் முறைக்கான காப்புரிமை அது.

அமெரிக்கத் தயாரிப்பில் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் எண் இருக்கும். அதன் அனுமதித் தேதியை அமெரிக்க ஆணையத்தின் இணையத் தேடலில் பார்க்கலாம். தொலைபேசி இணைப்புக்கான பதிவெண் யூஎஸ் என்ற எழுத்துகளில் தொடங்கி முக்காற்புள்ளியுடன் வந்தால் 2001க்குப் பிறகு வந்த புதிய முறை அது.

மூடியைத் திறந்த பிறகு

உண்மையான வயது உள்ளே இருக்கிறது. சிப்களின் மேல் நான்கு இலக்கத்தில் இருக்கும் எண்ணில் முதல் இரண்டும் ஆண்டு, கடைசி இரண்டும் வாரம். 9437 என்றால் 1994ஆம் ஆண்டின் 37ஆவது வாரம், அதாவது செப்டம்பர் நடுப்பகுதி. போர்டில் இருக்கும் எல்லாச் சிப்களின் எண்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ரிலே, டிரான்ஸ்ஃபார்மர், பெரிய கப்பாசிட்டர் ஆகியவற்றிலும் தேதி எண் இருக்கும். ஜப்பானியச் சிப் சிலவற்றில் மூன்று இலக்கம்தான், முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண். 437 என்பது 1984ஆகவும் இருக்கலாம், 1994ஆகவும் இருக்கலாம். மற்றச் சிப்களைப் பார்த்தால்தான் தெரியும்.

விதி எளிது. எது ஆகப் பிந்தைய தேதியோ அதற்கு முன்பு அந்தப் போர்டு உருவாகியிருக்க முடியாது. பெரும்பாலும் அந்தத் தேதியிலிருந்து சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் தயாராகியிருக்கும். எல்லாச் சிப்களும் 1993இன் பிற்பாதியில் இருக்க, ஒன்று மட்டும் 1996 என்று தனித்து நின்றால் அவசரப்பட்டு 1996 என்று எழுதாதீர்கள். போர்டைத் திருப்பி அந்தச் சிப்பின் ஈயப்பற்றைப் பாருங்கள். இயந்திரம் வைத்த பற்று ஒரே சீராக, பளபளப்பாக இருக்கும். கையால் பற்றவைத்த இடத்தில் பழுப்பு நிற ஃபிளக்ஸ் (பற்றவைப்புப் பசை) கறை படிந்திருக்கும். கறை தெரிந்தால் அது பழுதுபார்த்த தடயம். பெட்டி 1993இல் பிறந்தது, 1996இல் அல்லது அதற்குப் பிறகு சரிசெய்யப்பட்டது என்று எழுதுவதே சரி.

இங்கேதான் புதியவர்கள் வரிசையாக ஏமாறுகிறார்கள். போர்டின் ஓரத்தில் 94வி-0 என்று இருக்கும். அது 1994 அல்ல, தீப்பிடிக்கும் தன்மைக்கான தரக்குறியீடு. எந்த ஆண்டுப் போர்டிலும் இருக்கும். 8250 என்பது 1982இன் 50ஆவது வாரம் போலவே தெரியும், ஆனால் அது தொடர்முனையச் சிப்பின் பெயர். 8051 என்பதும் அப்படித்தான், நுண்கட்டுப்படுத்தியின் பெயர். 7805 என்பது 5 வோல்ட் ரெகுலேட்டர். ஒரு சிப்பில் இரண்டு எண் வரிசைகள் இருந்தால் பொருட்பெயர் எது, தேதி எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

தைவான் போர்டுகளில் இன்னொரு பொறி உண்டு. பரிசோதனை ஸ்டிக்கரில் 83.7.12 என்று எழுதியிருப்பதைப் பார்த்து 1983 என்று துள்ளிக் குதிப்பவர்கள் உண்டு. அது மின்குவோ ஆண்டாக இருக்கலாம். 1911ஐக் கூட்டினால் 1994 வரும். 14,400 வேக மோடத்தில் 83 என்று பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மோடத்தின் நிரலைச் சேமிக்கும் ஈப்ராம் சிப்பின் கண்ணாடிச் சன்னல்மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை எந்தக் காரணத்துக்காகவும் உரிக்காதீர்கள். அதில் அந்த நிரலின் (ஃபர்ம்வேர்) பதிப்பும் தேதியும் இருக்கும், சன்னலில் வெளிச்சம் படாமல் காப்பதும் அதுதான். புற ஊதா ஒளி உள்ளே போனால் நிரல் அழியத் தொடங்கும். அந்தத் தேதி போர்டின் தேதியை விடப் பிந்தியிருப்பது சாதாரணம், ஏனென்றால் கூரியர் போன்றவற்றுக்கு மேம்பாட்டுச் சிப் தனியாகவே விற்றார்கள். சிப் சாக்கெட்டில் இருந்தால் மெதுவாக நெம்பி எடுத்து, டிஎல்866 அல்லது அதன் பின்வந்த நிரலேற்றிகளில் வைத்து உள்ளடக்கத்தை நகலெடுத்துவிடுங்கள். இரண்டு முறை படித்து இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். முள் வளைந்தால் மூக்குக் குறட்டால் நிமிர்த்தலாம், ஆனால் ஒரே முள்ளை இரண்டு முறை வளைத்தால் முறிந்துவிடும்.

சிங்கப்பூர் தனியாகச் செய்யும் கேடு

இங்கே ஆண்டு முழுதும் ஈரப்பதம் சராசரியாக 80% அளவில்தான் இருக்கிறது. 65% தாண்டினாலே பூஞ்சணம் கிளம்பும். வீவக வீடுகளில் பழைய சாமானெல்லாம் போய்ச் சேரும் இடம் ஷெல்டர் அறை. கனமான இரும்புக் கதவு, காற்றோட்டம் குறைவு, சுற்றிக் கான்கிரீட் சுவர். பெட்டி பெட்டியாகப் பொருள் அடுக்க வசதிதான், ஆனால் மின்னணுப் பொருளைத் திறந்த அட்டைப்பெட்டியில் அங்கே வைப்பது பூஞ்சணத்தை வளர்க்கிற வேலை.

குளிரூட்டி போட்ட அறை பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். எப்போதும் ஓடும் குளிரூட்டியானால் சரி. இரவில் 22 டிகிரி, பகலில் ஜன்னல் திறப்பு என்றால்தான் கெடுதல். 28 டிகிரி வெப்பமும் 80% ஈரமும் உள்ள காற்றின் பனிநிலை ஏறக்குறைய 24 டிகிரி. 22 டிகிரியில் குளிர்ந்திருக்கும் உலோகப் பெட்டிமேல் அந்தக் காற்று பட்டால் ஈரம் துளியாகப் படியும். உள்ளே இருக்கும் போர்டிலும் அப்படியே. குளிர்ந்த இடத்திலிருந்து எடுத்ததை மூடிய பிளாஸ்டிக் பைக்குள் ஒரு மணி நேரமாவது வைத்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் திறங்கள்.

நல்ல வழி புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும், ஈரத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினட் அலமாரி. 30 முதல் 50 லிட்டர் அளவில் உள்ளதில் நாலைந்து மோடம்கள் போகும். 40 முதல் 50% வரை வைத்தால் போதும். 30%க்குக் கீழே இறக்காதீர்கள், பழைய பசை உலர்ந்து ஸ்டிக்கர் தானே உதிர ஆரம்பிக்கும்.

அதற்குச் செலவழிக்க மனமில்லை என்றால் ரப்பர் வளையத்துடன் இறுக மூடும் பாலிப்ரொப்பிலீன் பெட்டி. 20 லிட்டர் பெட்டிக்கு 150 முதல் 200 கிராம் சிலிக்கா ஜெல் போடலாம். நிறம் மாறியதும் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்தால் மீண்டும் உதவும், சமைக்கும் தட்டில் வேண்டாம். மூடியில் ரப்பர் வளையம் இல்லாத சாதாரண சக்கரப் பெட்டிகள் காற்றை அடைக்காது, அவற்றில் எவ்வளவு ஜெல் போட்டாலும் ஓரிரு வாரத்தில் தோற்றுப்போகும். உள்ளே ஒரு சிறு ஈரமானி வையுங்கள். மலிவான ஈரமானியை நம்புவதற்கு முன் சோதித்துப் பார்க்கலாம். ஒரு மூடியில் உப்பை எடுத்துச் சில துளி நீர் விட்டுக் கெட்டிக் குழம்பாக்குங்கள். ஈரமானியோடு சேர்த்து ஜிப் பையில் அடைத்து எட்டு மணி நேரம் விடுங்கள். உப்பு காற்றின் ஈரத்தை 75%க்குக் கொண்டுவந்து நிறுத்தும். ஈரமானி 70 காட்டினால் இனி ஐந்தைக் கூட்டிப் படிக்க வேண்டியதுதான்.

பெட்டிக்குள் எதோடு எதைச் சேர்க்கக்கூடாது என்பது இன்னும் முக்கியம். பழைய சாம்பல் நிறத் தொலைபேசிக் கம்பி, அடாப்டர் கம்பி எல்லாம் பிவிசி. அதை மென்மையாக்கும் திரவம் வெப்பத்தில் கசியும். கம்பியை மோடத்தின் மேல் சுருட்டி வைத்துவிட்டால் அந்த எண்ணெய் ஏபிஎஸ் பிளாஸ்டிக் மேல்மூடியைக் கரைத்து, கம்பி படிந்த வடிவத்திலேயே பள்ளம் போட்டுவிடும். பார்த்தால் சூடான கம்பியால் சுட்டது போல இருக்கும். அந்தப் பள்ளத்தை யாராலும் சரிசெய்ய முடியாது. கம்பிகளைத் தனிப் பாலித்தீன் பையில் போட்டு வையுங்கள், ரப்பர் பேண்டு வேண்டாம். ரப்பர் ஒட்டும், அதிலுள்ள கந்தகம் வெள்ளி முனைகளைக் கறுக்கச் செய்யும். பழைய பாலியூரிதேன் நுரை பிசுபிசுத்துப் பொடியாகும், பாலித்தீன் நுரை வாங்குங்கள். போர்டைத் தனியாக வைப்பதானால் வெள்ளிநிற நிலைமின் காப்புப் பை. இளஞ்சிவப்புப் பைகளின் காப்புத்திறன் சில ஆண்டுகளில் போய்விடும்.

பல்லியையும் கரப்பானையும் மறந்துவிடக்கூடாது. காற்றுத் துளை வழியாகப் பல்லி நுழைந்து மின்முனைகளுக்கு நடுவே செத்துக் கிடப்பதைத் திறந்து பார்த்தவர்கள் நிறைய. உலர்ந்த எச்சத்தை மூச்சுக்கவசம் போட்டுக்கொண்டு தூரிகையால் தட்டிய பிறகே ஆல்கஹால்.

துடைப்பதும் துடைக்காமல் விடுவதும்

வெளிப்புறத்துக்கு வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு துளி, நன்றாகப் பிழிந்த நுண்ணிழைத் துணி. ஸ்டிக்கரைச் சுற்றி ஒரு விரலகலம் விட்டுத் துடையுங்கள். மருந்துக்கடை 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பூஞ்சணத்துக்கு நல்லது, ஆனால் அச்சான எழுத்துகளை அது கரைக்கும். முன்பலகையில் விளக்குகளுக்குக் கீழே இருக்கும் டிஆர், ஆர்டி, எஸ்டி எழுத்துகள் ஒரே தேய்ப்பில் காணாமல் போகலாம். முதலில் மறைவான ஓர் எழுத்தில் பஞ்சுக் குச்சியால் தொட்டுப் பாருங்கள். உள்ளே போர்டுக்கு 99% ஆல்கஹால், மென்மையான தூரிகை. சிப் மேல் மையால் அச்சிட்ட தேதியும் இதில் அழியும் என்பதால்தான் படம் முதலில் எடுக்கச் சொன்னது.

மஞ்சளாகிப்போன மேல்மூடியை ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெள்ளையாக்குவது இன்று ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் சேர்மமும் ஏபிஎஸ்ஸும் வெளிச்சத்தில் வேதிமாற்றம் அடைவதால் வரும் மஞ்சள் அது. வெளுத்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் சீராக வராமல் புள்ளியும் கோடும் விழும், சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பும். முக்கியமாக, மஞ்சளே ஒரு தடயம். எப்போதோ உரிந்துபோன ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, கூர்மையான செவ்வகமாக நிற்கும். அதன் அளவை எடுத்தால் எந்தக் கடையின், எந்த வகை ஸ்டிக்கர் என்பதை இன்னொரு மோடத்தோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். விற்பதற்காக வெளுப்பவர்கள் வெளுக்கட்டும். சேகரிப்பவர்கள் விட்டுவிடுவதே நல்லது.

போர்டில் பேட்டரி கசிந்திருந்தால் உடனே கவனியுங்கள். நிக்கல் கேட்மியம் பேட்டரியின் கசிவு காரம், பச்சை நீலப் பொருக்காகத் தெரியும். பேட்டரியை வெட்டி எடுத்து, வெள்ளை வினிகரைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுப் பொருக்கின்மேல் தடவுங்கள். நுரை அடங்கியதும் வடித்த நீர், பிறகு 99% ஆல்கஹால், மின்விசிறிக் காற்றில் ஒரு நாள். செப்புத் தடங்கள் கறுத்திருந்தால் மல்டிமீட்டரால் தொடர்ச்சியைச் சோதியுங்கள், பார்வைக்கு முழுதாக இருக்கும் தடமே உள்ளே அறுந்திருக்கும்.

1990களின் முதல் பாதியில் வந்த சிறு தகரக் குப்பி போன்ற மேற்பரப்புக் கப்பாசிட்டர்கள் கசியும். அடியில் ஈயம் மங்கிப் போயிருக்கும், சூடாக்கினால் மீன் நாற்றம் வரும். 1999 முதல் 2007 வரை வந்தவற்றில் தலை உப்பியிருக்கும். மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது அதிக வோல்ட், 105 டிகிரி வகை வாங்குங்கள். சிம் லிம் டவரின் உதிரிபாகக் கடைகளில் சில்லறையாகவே கிடைக்கும். எதை மாற்றினீர்கள் என்று எழுதிவையுங்கள், பழையதைச் சிறு ஜிப் பையில் பெட்டிக்குள்ளேயே போடுங்கள்.

மின்சாரம்

அடாப்டரில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படிக்காமல் சொருகுவதால்தான் பல மோடங்கள் சாகின்றன. அமெரிக்க 120 வோல்ட் அடாப்டரை நம் 230 வோல்ட்டில் மாற்றுமுனை போட்டுச் சொருகினால் சில வினாடிகளில் புகை. பிறகு மோடத்தின் பின்னால் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். நிறைய வெளிப்புற மோடங்கள் கேட்பது 9 வோல்ட் ஏசி. ரூட்டர் அடாப்டர் தரும் 9 வோல்ட் டிசி பிளக் பொருந்தும், விளக்குகூட எரியும், ஆனால் கணினி பேசாது. ஏன்? கணினியோடு இணையும் ஆர்எஸ்-232 முனைக்குக் கூட்டல், கழித்தல் இரண்டு பக்க வோல்ட்டும் தேவை. ஏசியின் இரண்டு அரைச்சுற்றுகளையும் வைத்துத்தான் உள்ளே அவை உருவாகின்றன. டிசி கொடுத்தால் ஒரு பக்கம் மட்டும் கிடைக்கும். 230 வோல்ட்டிலிருந்து 9 வோல்ட் ஏசி, 1 ஆம்பியர் தரும் அடாப்டர் வாங்குவதுதான் வழி. சுமையில்லாமல் அளந்தால் 11 அல்லது 12 வோல்ட் காட்டும், அது குறையல்ல.

முதல் முறை கொடுப்பதற்கு முன், 7805இன் வெளிமுனைக்கும் பூமிமுனைக்கும் இடையே எதிர்ப்பை அளவிடுங்கள். சில ஓம் மட்டுமே இருந்தால் எங்கோ ஷார்ட், மேலே போகாதீர்கள். சரியாக இருந்தால் மின்சாரம் கொடுத்து உடனே அளவிடுங்கள். 4.75க்கும் 5.25க்கும் இடையே இருக்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்து மின்சாரத்தை நிறுத்தி, சிப்களை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். ரெகுலேட்டர் சுடுவது இயல்பு. சிறு சிப் ஒன்று கை வைக்க முடியாமல் சுட்டால் அதுதான் செத்தது. தொலைபேசிச் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் கறுத்த வட்டத் தட்டு அல்லது வெடித்த எதிர்ப்பான் தெரிந்தால் மின்னல் வந்த வழி அது. இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

கணினியோடும் இன்னொரு மோடத்தோடும்

25 முள் கொண்ட நேர்க்கம்பி போதும், குறுக்காக இணைத்த நல்-மோடம் (null modem) கம்பி வேண்டாம். யூஎஸ்பி மாற்றியில் எஃப்டிடிஐ சிப் உள்ளது நம்பகமானது. 3.3 வோல்ட் மட்டும் தாங்கும் ஆர்டுயினோ வகை மாற்றிகளை நேரடியாகச் சொருகினால் எரிந்துவிடும். முனைய நிரலில் வேகம் 9600, 8 பிட், சமநிலை (parity) இல்லை, 1 நிறுத்தபிட் என்று வையுங்கள். ஏடி என்று அடித்து என்டர் தட்டினால் ஓகே வர வேண்டும். குப்பை எழுத்துகள் வந்தால் வேகம் தப்பு. எதுவுமே வராமல் எஸ்டி விளக்கு மட்டும் மினுக்கினால் பதில் சொல்லாத அமைப்பில் விட்டிருப்பார்கள். ஏடிஈ1க்யூ0வி1 அடித்துப் பாருங்கள்.

ஓகே வந்துவிட்டால் ஏடிஐ0, ஏடிஐ3 முதலியவற்றின் பதிலைப் பதிந்துகொள்ளுங்கள். யூஎஸ் ரோபாட்டிக்ஸில் ஏடிஐ7 கொடுத்தால் ஃபர்ம்வேர் தேதி, டிஎஸ்பி (சைகைகளைக் கையாளும் சிப்) தேதி இரண்டும் வரும். ஏடி&வி கொடுத்தால் சேமித்த எண்களும் வரலாம். பழைய உரிமையாளர் அழைத்த எண்கள் அவை. குறிப்பேட்டில் வைத்துக்கொள்ளுங்கள், இணையத்தில் படமாகப் போட வேண்டாம். கணினிக்குள் சொருகும் வின்மோடம் வகையில் பாதி வேலையை விண்டோஸ் டிரைவரே செய்கிறது. டிரைவர் வட்டைத் தொலைத்தால் அது வெறும் அட்டை. அந்த நெகிழ்வட்டைப் பூஞ்சணம் பிடிக்கும் முன்பே கிரீஸ்வீசல் போன்ற கருவியால் நகலெடுத்துவிடுங்கள்.

தொலைபேசி கண்ணாடியிழைப் பெட்டி வழியாகப் போகும் வீடுகளில் சுவரில் இருக்கும் பழைய சாக்கெட்டை நம்ப முடியாது. இரண்டு மோடங்களை நேருக்கு நேர் இணைத்துச் சோதிக்கலாம். தொலைபேசிக் கம்பியின் நடு இரண்டு இழைகளில் ஒன்றை நேராக இணையுங்கள். மற்றதை வெட்டி, நடுவே தொடராக இரண்டு 9 வோல்ட் பேட்டரியும் 330 ஓம், 1 வாட் எதிர்ப்பானும் வையுங்கள். ஒரு மோடத்தில் ஏடிஎக்ஸ்1டி, மறு மோடத்தில் ஏடிஏ. எக்ஸ்1 இல்லாவிட்டால் டயல் ஒலி இல்லை என்று சொல்லி நின்றுவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வகைப் பழைய மோடங்கள் பேட்டரி இல்லாமலே பேசும், பிந்தைய சிப் வகைகளுக்கு மின்னோட்டம் வேண்டும். வி.90 மோடங்கள் இரண்டை இப்படி இணைத்தால் 33,600க்கு மேல் போகாது. 56,000க்கு ஒரு முனை இலக்கமுறையில் இருக்க வேண்டும், அதனால் இதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

இணையவழித் தொலைபேசிப் பெட்டியைப் பயன்படுத்துவதானால் ஜி.711 ஒலிக்குறிமுறையை மட்டும் வையுங்கள். எதிரொலி நீக்கத்தையும் மௌன நீக்கத்தையும் நிறுத்துங்கள், தாமதத் தாங்கியை மாறாத அளவில் பூட்டுங்கள். இவற்றில் ஒன்று விட்டாலும் மோடங்கள் கீச்சிட்டுவிட்டு அரை நிமிடத்தில் துண்டிக்கும். அப்படியும் நிற்கவில்லை என்றால் வேகத்தை நீங்களே குறையுங்கள், யூஎஸ் ரோபாட்டிக்ஸில் ஏடி&என்6 கொடுத்தால் 9600இல் நிலையாக நிற்கும்.